வெந்நீர் எங்கே கிடைக்கும்?

கல்யாணமான புதிதில் மலைக்குப் போக எங்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான். அலுவலகத்திலிருந்து நேரே கோயம்பேடு. கோவைக்கு எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதில் ஏறிவிடுவோம். இடம் இல்லையென்றால் சேலம் வரை போய் அங்கே மாறிக்கொள்வோம். ஆளுக்கொரு தோள்பை, அதில் ரெண்டு செட் துணி, ஒரு ஸ்வெட்டர். எங்கே தங்குவது என்பதை இறங்கின பிறகு டீக்கடையில் விசாரித்துக்கொள்வோம். சாப்பாடு கிடைத்தால் சாப்பாடு, கிடைக்காவிட்டால் வறுத்த கடலை. கோயம்புத்தூர் எங்களுக்கு ஊராகவே இருந்ததில்லை. காந்திபுரத்தில் இறங்கி, மேட்டுப்பாளையம் ரோட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஊட்டி பஸ் பிடிக்க வேண்டிய இடைவெளி, அவ்வளவுதான்.

அப்படிப் போனபோது நாங்கள் தேடியது ஆளில்லாத இடங்களை. சென்னையில் வாரம் முழுக்க மனிதர்களைப் பார்த்த அலுப்பு. கோத்தகிரிப் பக்கம் லாங்வுட் சோலைக்குள் போய் நின்றால் தண்ணீர் சொட்டுகிற சத்தமும் இருவாச்சி அளவுக்குச் சத்தம் போடுகிற ஏதோ ஒரு பறவையும் தவிர வேறெதுவும் காதில் விழாது. அந்தச் சோலைக்கு 2024-இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது என்று படித்தபோது, சொந்தக்காரர் வீட்டில் நல்லது நடந்ததுபோல் சந்தோஷப்பட்டேன். ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் விடியுமுன் வரிசையில் நின்று, முன்பதிவில்லாத சீட்டு வாங்கி, 7.10 மணி மலை ரயிலில் போனோம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்வரிசையை எஞ்சினின் பற்சக்கரம் கவ்வுகிறபோது பெட்டி ஒருமுறை உலுக்கும். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது இறங்கி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தோம். 46 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரம் ஆகிறதே என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நேரம் எங்கள் கையில் இருந்தது.

அதே மலைக்கு, ஒன்பது மாதப் பெண்குழந்தையோடு போவதென்று இந்த வருஷம் முடிவெடுத்தோம். வெள்ளிக்கிழமை அரசு விடுமுறையாக வந்ததால் மூன்று நாள் கிடைத்தது. வீட்டில் சொன்னதும் அம்மா, "பல்லு முளைக்கிற நேரத்துல மலைக்குப் போகணுமாடி? ரெண்டு வயசு ஆகட்டுமே" என்றாள். அத்தை குறுக்கே வந்து, "போயிட்டு வரட்டும் சம்பந்தி. காத்து மாறினாத்தான் கொழந்தைக்குப் பசி எடுக்கும்" என்றார். எனக்கு அத்தை கட்சி பிடித்திருந்தது. ஆனால் குல்லா, காலுறை, ஓமத் தண்ணீர், வெந்தய உருண்டை என்று பையில் ஏறியதெல்லாம் அம்மா கட்சிக்காரர்கள்.

திட்டம் என்பது ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு 'ஏன்' கேட்பதுதான் என்று இந்த முறை புரிந்துகொண்டேன். ஏன் பஸ் வேண்டாம்? ராத்திரி பஸ்ஸில் குழந்தையை மடியில் வைத்தபடியே எட்டு ஒன்பது மணி நேரம் உட்கார முடியாது. அவள் அழுதால் தூக்கிக்கொண்டு நடக்க இடமில்லை. ரயிலில் நடைபாதை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. கீழ்ப் படுக்கை வேண்டுமென்றால் அன்றைக்கே உட்கார்ந்துவிட வேண்டும். மேல் படுக்கையில் குழந்தையோடு படுப்பது நினைத்தும் பார்க்கக்கூடாத காரியம். 2022-இல் லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு சேர்த்து ஒரு குட்டிப் படுக்கையைச் சோதனைக்காகப் பொருத்தினார்கள். செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்தபோது கடந்து போய்விட்டேன். இப்போது சுவர்ப்பக்கம் அவளைக் கிடத்தி, விளிம்பில் ஒருக்களித்து, ஈரோடு வருகிற வரைக்கும் ஒரு கையைத் தடுப்பாக வைத்திருந்தபோது, அந்தப் படுக்கை எல்லா வண்டிக்கும் வரவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

ஏன் நேராக மலைக்குப் போகவில்லை? ராத்திரிப் பயணம் முடிந்த கையோடு கொண்டை ஊசி வளைவுகளைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம் என்றார் குழந்தை மருத்துவர். ஒரு நாள் கீழே தங்கி, அவள் தூங்கி எழுந்து பழைய நேரத்துக்கு வந்த பிறகு ஏறுங்கள் என்றார். அப்படித்தான் கோயம்புத்தூர் எங்களுக்கு முதல்முறையாக ஊரானது.

அது என்ன ஊர்! பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, பகல் பன்னிரண்டு மணிக்கும் மரத்தடியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்கிற அளவுக்கு இதமாக இருந்தது. ரேஸ்கோர்ஸைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டர் நடைபாதை. குழந்தை வண்டியின் நாலு சக்கரமும் தரையில் பதிந்து உருண்டது அங்கேதான். எங்கள் தெருவில் அந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழக்கம். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக நின்று, "என்ன சாமி, எந்தூரு?" என்று அவளிடம் நேரடியாக விசாரித்தார்கள். அவளும் ஏதோ பதில் சொன்னாள். மத்தியானம் ஓட்டலில் வெறும் இட்லியும் காரமில்லாத பருப்பும் கேட்டேன். பரிமாறுகிறவர் உள்ளே போய், தாளிக்காத பருப்பைத் தனிக் கிண்ணத்தில் கொண்டுவந்து, தன் கையாலேயே இட்லியின் மேல்தோலை எடுத்துவிட்டு வைத்தார். "வெந்நி வேணுங்களா அம்மிணி?" என்று கேட்டு, கேட்டதற்கு பதில் வருமுன்னே டம்ளரை நீட்டினார்.

இவ்வளவு வருஷமாக இந்த ஊரைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம் என்று என் கணவர் வருத்தத்தோடு சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்தப் பயணத்தில் ஒரு விஷயம் மட்டும் மனதைக் கலக்கியது. வழியில் ஒரு பேருந்து நிலையத்தில். பாலூட்டும் தாய்மார்கள் அறை என்று பெரிதாக எழுதியிருந்தது, பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 352 அறைகளை இதற்காகவே திறந்தார்கள். எத்தனை நல்ல யோசனை அது! நாலு சுவர், ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, உள்ளே தாழ்ப்பாள். இதற்கு மேல் ஒரு தாய்க்கு எதுவும் வேண்டாம். கல்லூரி நாளிலிருந்து அந்தப் பலகைகளைக் கடந்து போயிருக்கிறேன். பசியில் முகம் சிவந்து கதறுகிற குழந்தையோடு அந்தப் பூட்டின் முன்னால் நிற்கிறபோதுதான் அந்த அறை யாருக்கு, எவ்வளவு அவசரமாக வேண்டும் என்பது உடம்புக்கே தெரிகிறது. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா எழுந்து, தன் மணையை எனக்குப் போட்டு, முந்தானையை விரித்து மறைத்து நின்றார். குழந்தை குடித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கையை இறக்கவில்லை. அவருடைய கருணைக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. ஆனால் அரசாங்கம் கட்டிய அறை இருக்கும்போது, அந்த வேலையை ஒரு பூக்காரம்மாவின் முந்தானை செய்யவேண்டி வரக்கூடாது.

மறுநாள் காலை டாக்ஸி. 2024 மே 7-லிருந்து நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் வேண்டும்; உயர் நீதிமன்ற உத்தரவு. மலை தாங்குகிற அளவுக்குத்தான் வண்டி ஏறவேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். இரவே பதிவு செய்துவிட்டோம். ஆனால் காலையில் வேறொரு வேலை காத்திருந்தது. குழந்தை இருக்கையைப் பின்சீட்டில், அவள் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி கட்ட வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் பச்சைக் குழந்தையின் கழுத்து தலையின் பாரத்தைத் தாங்காது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் முதுகு முழுவதும் அந்த விசையை வாங்கிக்கொள்ளும். கட்டுவதற்கு சீட் பெல்ட் வேண்டுமே! பெல்ட் இருந்தது, அதன் பூட்டு, ரெக்ஸின் சீட் கவருக்கு அடியில் புதைந்திருந்தது. ஓட்டுநர் கவரின் ஓரத்தை நெம்பி, இரண்டு விரல் விட்டுத் துழாவி, தூசியோடு அதை வெளியே இழுத்தார். "வண்டி வாங்கினதுலருந்து இத ஆரும் கேட்டதில்லீங்க" என்றார். தன் கைக்குட்டையால் பூட்டைத் துடைத்து, பெல்ட்டை மாட்டி, இருக்கையை முட்டிக்கால் போட்டு அழுத்தி இறுக்கினார். பிறகு அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் எங்கள் ஆளாகிவிட்டார்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரம். ஊட்டி ரயில் நிலையம் 2,200 மீட்டர். முன்பு இந்த வித்தியாசம் எங்களுக்குக் குளிராகத்தான் தெரியும். இப்போது அது குழந்தையின் காது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. செவிப்பறைக்குப் பின்னால் அடைபட்ட காற்று விரிகிறது. நாம் கொட்டாவி விட்டு, எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்வோம். குழந்தைக்கு அது தெரியாது. அது எதையாவது சப்பி விழுங்கினால் காதுக்கும் தொண்டைக்கும் நடுவிலுள்ள குழாய் திறந்துகொள்ளும். அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் வாயில் ஏதாவது இருக்கட்டும், இறங்கும்போது இன்னும் அவசியம், அப்போது தூங்கவிடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே என் கணவர் ஸ்பூனில் தண்ணீர் ஊட்டிக்கொண்டே வந்தார். பர்லியாறில் நிறுத்தி, மங்குஸ்தான் கூடைகளுக்கும் அவற்றின் மேல் கண் வைத்த குரங்குகளுக்கும் பக்கத்தில், வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்தேன்.

ஊட்டியை விட்டுக் குன்னூரில் தங்கியதற்கும் காரணம் உண்டு. குன்னூர் ஏறக்குறைய நானூறு மீட்டர் தாழ்வு; ராத்திரிக் குளிர் அந்த அளவுக்குக் கடிக்காது. அறை தேடுகிறபோது முன்பு நாங்கள் கேட்டது ஒன்றே: ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியுமா? இந்த முறை தொலைபேசியில் நான் கேட்டவை: வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட முடியுமா, சமையலறையில் கஞ்சி காய்ச்ச விடுவீர்களா. இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர் என்று சொன்ன ஓரிடத்தில், இரண்டாவது தடவை கேட்டபோது "காலைல ஆறுலருந்து எட்டு வரைக்கும்" என்றார்கள். கடைசியில், தங்கள் வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிற ஒரு அம்மா, "கொழந்தை எத்தனை மாசம்?" என்று முதலில் கேட்டார். அங்கேயே போட்டுவிட்டோம்.

நல்ல முடிவு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 டிகிரி வாக்கில். அதனால் கஞ்சிக்குப் போட்ட பாசிப்பருப்பு என் கணக்குப்படி வேகவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் விடு கண்ணு, இது மலை" என்று வீட்டுக்காரம்மா அடுப்பைத் தணித்து மூடி வைத்தார். நாப்பி விஷயம் அதைவிடச் சிக்கல். காகித நாப்பியில் இருப்பது பாதிக்கு மேல் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கைக் கடுமையாகத் தடுக்கிற மாவட்டத்தில் அதை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. ராத்திரிக்கு மட்டும் அது, பகலில் துணி என்று வைத்துக்கொண்டேன். பயன்படுத்தியதை இறுகக் கட்டித் திரும்பக் கொண்டுவந்தோம். துணியோ, மூடுபனியில் காயவே இல்லை. வீட்டுக்காரம்மா கொல்லையில் வெந்நீர் போடுகிற விறகு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டி, நாப்பிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அரைமணிக்கொரு தரம் திருப்பிப் போட்டார். அறைக்குள் கரிக் கணப்பு வைக்கட்டுமா என்று அவர் வீட்டுப் பையன் கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன். மூடிய அறையில் கரி கனன்றால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். தளர்ந்த கம்பளியும் வேண்டாம் என்று, இரண்டு மூன்று பருத்திச் சட்டையை அடுக்கடுக்காகப் போட்டு, மேலே ஒரு ஸ்வெட்டர் மாட்டித் தூங்கவைத்தேன். கடைத்தெருவில் ஒரு தேன்கடைக்காரர் ஆசையாக விரலில் தொட்டு அவள் நாக்கில் வைக்க வந்தார். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கிற வழக்கத்தில் வளர்ந்த எனக்கு அந்த அன்பு தெரியும். ஒரு வயது முடிகிறவரை தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியைச் சிசுவின் குடல் தாங்காது என்று சொன்னேன். "அப்ப அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க, வச்சுவிடறேன்" என்றார்.

மலை ரயிலில் முழுசாகப் போகவில்லை. பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஒரு மணி நேரச் சொச்சம்தான். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். டீசல் எஞ்சின் என்பதால் புகை கண்ணில் விழவில்லை. குகைக்குள் நுழைந்து இருட்டியதும் பெட்டியே கத்தியது, அவளும் கத்தினாள். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக்கிய ரயிலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு கூச்சல். அடுத்த குகைக்கு முன்னாலேயே வாயைத் திறந்து தயாராக இருந்தாள்.

சொல்ல வேண்டியது இன்னொன்று. பழைய பயணத்துப் படங்களை எடுத்துப் பார்த்தால், தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கிற பெண்கள் தூரத்து வண்ணப் புள்ளிகளாக இருக்கிறார்கள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. இந்த முறை தோட்டப் பாதையில் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி கையை நீட்டினார். "புள்ளயக் குடு தாயி, கை வலிக்கும்." வாங்கி, தன் பழைய சேலையை முதுகோடு சுற்றி, ஒரு முனையை அக்குளுக்கடியில் கொண்டுவந்து மார்புக்கு மேல் முடிச்சுப் போட்டார். அவள் கால்கள் இடுப்பின் இரு பக்கமும் விரிந்து உட்கார்ந்தன. அழவில்லை. கடையில் வாங்கிய, கொக்கியும் பட்டையுமான என் தூக்குப்பையில் அவள் அப்படி அமைதியாக இருந்ததே இல்லை.

அவர் சிறுபிள்ளையாக இலங்கையின் கண்டியிலிருந்து வந்தவர். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வேலை தரத்தான் 1968-இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. "கொழுந்தெடுக்கப் போறப்ப புள்ளய காம்பராவுல வுட்டுட்டுப் போவோம். ஆயாம்மா பாத்துக்குவா. பால் குடுக்க நடுவுல வுடுவாங்க, ஓடியாந்து குடுத்துட்டு திரும்ப மலை ஏறணும்" என்றார். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தே ஆகவேண்டும் என்று சொன்னது. அந்தச் சட்டத்தின் பின்னால் மார்பில் பால் கட்டிய வலியோடு சரிவில் ஓடிவந்த பெண்கள் இருக்கிறார்கள். நாங்கள் இந்த மலைக்கு எத்தனையோ முறை வந்து, ஆளில்லாத இடமென்று சந்தோஷப்பட்டுத் திரும்பியிருக்கிறோம். அப்போதும் இவர் இங்கேதான் இருந்தார். இப்போது அவரிடம் என்னை நிறுத்தியது என் இடுப்பிலிருந்த குழந்தை.

ஞாயிறு ராத்திரி மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். இறங்குகிற வழி முழுக்க அவளைத் தூங்கவிடாமல் பாட்டுப் பாடிக்கொண்டே வந்ததில் என் கணவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. குழந்தை காதைத் தொடக்கூட இல்லை.

போன வாரம் நாத்தனார் பேசினாள். அவள் பையனுக்கு ஏழு மாதம். "அண்ணி, நாங்களும் எங்கயாச்சும் போலாம்னு பாக்கறோம். ஊட்டி ரொம்ப தூரமா தெரியுது."

"ஏற்காடு போ. சேலத்துல ஒரு நாள் தங்கு. ஏற்காடு குன்னூரைவிடத் தாழ்வு, முப்பது கிலோமீட்டர்தான், வளைவு மட்டும் இருபது இருக்கு. நிறுத்தி நிறுத்திப் போ."

"ரூம்?"

"ராத்திரி ரெண்டு மணிக்கு வெந்நீர் கிடைக்குமான்னு கேளு. கிடைக்கும்னா அப்புறம் வாடகை கேளு."

"அங்க பஸ் ஸ்டாண்டுல பால் குடுக்க ரூம் இருக்குமா?"

"இருக்கும். பூட்டியிருந்தா நேரக் காப்பாளர்கிட்ட நேராப் போ. சாவி வர்ற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராதே. உனக்குப் பின்னாடி இன்னொருத்தி குழந்தையோட வருவா."